குறைந்த விலைப்புள்ளியும் பல்சக்கரப் பெட்டியும்

நெசவாளர்களும் விவசாயிகளும் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத் தொகையைக் கொண்டு நமது சங்கங்கள் யந்திரங்களை வாங்குகின்றன. நெல் மூட்டைகளை லாரியிலிருந்து அட்டிக்கு ஏற்றும் பட்டைக் கன்வேயர், பருத்திக் கொட்டையை மேல்தளத்திற்குக் கொண்டு செல்லும் வாளி எலிவேட்டர், 170 கிலோ எடையுள்ள பஞ்சுப் பொதியைத் தூக்கி வைக்கும் பாரந்தூக்கி, நூல் மூட்டைகளை மாடிக்கு ஏற்றும் சரக்கு லிஃப்ட் என்று அவை பல வகைப்படும். இவற்றை வாங்குவது தவறன்று, வாங்கியே தீரவேண்டும். மனிதன் முதுகில் சுமந்து செய்த வேலையை யந்திரம் செய்யுமானால் அதை வரவேற்பதே கூட்டுறவாளர் கடமை.

ஆனால் வாங்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள் சொல்லவேண்டியிருக்கிறது. விலைப்புள்ளிகள் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படும்போது மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கிறோம். பட்டை எத்தனை அடி நீளம் என்று கேட்கிறோம். சாயம் என்ன நிறம் என்றுகூடக் கேட்கிறோம். மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவே இருக்கும் இரும்புப் பெட்டியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. பட்டியலில் அது ‘கியர் பெட்டி – 1’ என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. அந்த ஒரு வரியில்தான் சங்கத்தின் மின்சாரக் கட்டணமும், சில வேளைகளில் ஒரு தொழிலாளியின் உயிரும் அடங்கியிருக்கின்றன என்பதை அங்கத்தினர்கள் உணரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். திருகுப் பல்சக்கரப் பெட்டியை அதன் விலையைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாகாது. நாளொன்றுக்கு அது எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்பதைக் கொண்டே தேர்ந்தெடுக்கவேண்டும். அதுபோலவே, தொங்கும் பாரத்தைத் தாங்கி நிறுத்தும் பொறுப்பை எக்காலத்தும் அப்பெட்டியிடம் விடலாகாது. இவ்விரண்டும் யந்திரம் வாங்கும் தீர்மானத்திலேயே எழுதப்படவேண்டும்.

பெட்டியின் உள்ளே

பட்டறைக்காரர்கள் ‘வார்ம் கியர்’ என்று வழங்கும் இந்த அமைப்பு மிக எளியது. உள்ளே எஃகினால் செய்த ஒரு திருகு இருக்கிறது. அதன் புரி, குறுக்கே அமைந்த ஒரு வெண்கலச் சக்கரத்தின் பற்களில் பொருந்தியிருக்கிறது. ஒற்றைப் புரியுள்ள திருகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு பல் அளவே நகரும். சக்கரத்தில் 40 பற்கள் இருந்தால், திருகு 40 சுற்றுச் சுற்றிய பிறகே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். நிமிஷத்திற்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரை அதில் இணைத்தால், வெளியே வரும் தண்டு 36 சுற்றே சுற்றும். வேகம் குறைந்த அளவுக்கு ஏற்பத் திருப்பு விசை பெருகுகிறது. இவ்வளவும் ஒரு சிறு பெட்டிக்குள் நடைபெற்று விடுகிறது.

இது நமக்குப் புதிதன்று. அலெக்சாந்திரியா நகரத்து அறிஞரான ஹெரோன் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பாரந்தூக்கும் கருவியொன்றில் திருகையும் சக்கரத்தையும் இணைத்து விவரித்திருக்கிறார். நமது நாட்டில் பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கிய பழைய மரக் கருவியில், அதாவது வடநாட்டார் ‘சர்க்கி’ என்று சொல்லும் கருவியில், இரண்டு உருளைகளின் முனைகளிலும் புரி செதுக்கப்பட்டிருக்கும். ஓர் உருளையைக் கையால் சுற்றினால் புரியோடு புரி பொருந்தி மற்றது எதிர்த்திசையில் சுழலும். பருத்தி விளைத்தவன் வீட்டிலேயே, மரத்தில், தச்சன் கையால் அமைந்த திருகுப் பல்லிணை அது.

விசைத்தறி ஓட்டும் நெசவாளர்களுக்கும் இது அறிமுகமானதே. பாவு உருளையிலிருந்து பாவைச் சிறிது சிறிதாக விடும் அமைப்பில், பல தறிகளில் ஒரு சிறு திருகும் ஒரு சக்கரமும் இருக்கும். திருகு சுழன்றால் பாவு உருளை நகரும். ஆனால் பாவின் இழுவிசை உருளையைப் பிடித்திழுத்தாலும் திருகு எதிர்த்துச் சுழலாது. ஆகையால் பாவு தானாகக் கழன்றுவிடாமல் இறுக்கமாக நிற்கிறது. இந்தக் குணம் தறியில் நன்மையே செய்கிறது. பாரந்தூக்கியில் இதே குணத்தை நம்புவது எவ்வாறு ஆபத்தாக முடியும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இப்பெட்டியின் சிறப்புகளை மறைக்க நாம் விரும்பவில்லை. சிறிய இடத்தில் அடங்குகிறது, அதிக ஓசை செய்வதில்லை, மோட்டாரைக் குறுக்காக வைக்க இடம் தருகிறது, சுமை திடீரென்று மோதினாலும் ஓரளவு தாங்குகிறது, விலையும் மலிவு. ஒரே கட்டத்தில் அறுபதில் ஒரு பங்காக வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், இவ்வளவு குறைந்த விலையில் அதைச் செய்யும் அமைப்பு வேறில்லை எனலாம். உரிய இடத்தில் வைத்தால் இது சிறந்த ஊழியன். உரிய இடம் எது என்பதுதான் கேள்வி.

மின்சாரக் கணக்கு

மற்றப் பல்சக்கரங்களில் பல்லின் மேல் பல் பெரும்பாலும் உருண்டு செல்கிறது. இதிலோ திருகின் புரி சக்கரத்தின் பல்லின்மேல் வழுக்கிச் செல்கிறது. வழுக்கும் இடத்தில் உராய்வு உண்டு. உராய்வு உள்ள இடத்தில் சூடு உண்டு. அந்தச் சூடு வானத்திலிருந்து வருவதன்று. சங்கம் கட்டணம் செலுத்தி வாங்கிய மின்சாரமே சூடாக மாறி வீணாகிறது.

வேகக் குறைப்பு ஐந்தில் ஒரு பங்கு என்ற சிறு அளவில் இருக்கும்போது நல்ல திருகுப் பெட்டி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஆற்றலை வெளியே தரும். அறுபதில் ஒரு பங்கு என்று குறைப்பு மிகும்போது, நூற்றுக்கு அறுபது பங்கை ஒட்டியே தரும். சாய்ந்த பற்களையுடைய ‘ஹெலிகல்’ சக்கரங்களோ ஒவ்வோர் இணையிலும் இரண்டு மூன்று பங்கையே இழக்கும்; இரண்டு மூன்று இணைகளைச் சேர்த்த பிறகும் தொண்ணூற்று நான்கு பங்கு வெளிவரும்.

இதை ஒரு சங்கத்தின் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஒரு கிடங்கில் பொதிகளை நகர்த்தும் நீண்ட கன்வேயர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் தண்டில் 2 கிலோவாட் ஆற்றல் தேவை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாக, ஆண்டில் 300 நாட்கள், அதாவது 3,000 மணி நேரம் ஓடுகிறது. நூற்றுக்கு 62 பங்கு தரும் திருகுப் பெட்டியை வைத்தால் மோட்டார் 3.23 கிலோவாட் கொடுத்தாக வேண்டும். 94 பங்கு தரும் ஹெலிகல் பெட்டியை வைத்தால் 2.13 கிலோவாட் போதும். வித்தியாசம் 1.1 கிலோவாட். ஆண்டு முழுவதற்கும் ஏறக்குறைய 3,300 யூனிட். யூனிட் ஒன்றுக்கு எட்டு ரூபாய் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 26,400 ரூபாய். இது மோட்டாரின் சொந்த நஷ்டத்தைச் சேர்க்காத கணக்கு. இத்துடன், முதல் பெட்டிக்கு ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். இரண்டாவதற்கு மூன்று குதிரைத்திறன் மோட்டாரே போதும். பெட்டியில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையின் ஒரு பகுதி மோட்டாரிலேயே போய்விடுகிறது. எஞ்சியதை மின்சாரக் கட்டணம் விழுங்கிவிடுகிறது.

இனி அதே கிடங்கில் உள்ள பாரந்தூக்கியைப் பாருங்கள். அதற்கும் 2 கிலோவாட் ஆற்றலே தேவை என்று கொள்வோம். ஆனால் அது நாளொன்றுக்கு மொத்தம் இருபது நிமிஷமே ஓடுகிறது. ஆண்டுக்கு நூறு மணி நேரம். அங்கே வித்தியாசம் 110 யூனிட். ரூபாய்க் கணக்கில் 880. இந்தத் தொகைக்காக விலை மிகுந்த பெட்டியை வாங்குவது வீண். இங்கே திருகுப் பெட்டியே தகுதியானது.

ஆகவே ‘திருகுப் பெட்டி நல்லதா, கெட்டதா?’ என்று கேட்பது பொருளற்ற கேள்வி. ‘எத்தனை மணி நேரம் ஓடும்?’ என்பதே கேட்கவேண்டிய கேள்வி. பகல் முழுவதும் ஓடும் கன்வேயருக்கும் எலிவேட்டருக்கும் ஹெலிகல் பெட்டி. அவ்வப்போது ஓடும் பாரந்தூக்கிக்கும், கிடங்கின் மதகுக் கதவுக்கும், சுழல் மேடைக்கும் திருகுப் பெட்டி. நடுத்தரமான வழியும் உண்டு. பெட்டியில் பதினைந்தில் ஒரு பங்காக மட்டும் வேகத்தைக் குறைத்து, மீதிக் குறைப்பைச் சங்கிலிச் சக்கரத்தில் வைத்தால், அறுபதில் ஒரு பங்கு முழுவதையும் பெட்டியிலேயே வைப்பதைவிட நஷ்டம் வெகுவாகக் குறையும். சங்கிலியை மூடி வைக்கவும் எண்ணெயிடவும் ஆள் இருந்தால் சிறிய சங்கங்களுக்கு இது ஏற்ற முறையாகும்.

பெட்டி வேறு, பிரேக் வேறு

பண நஷ்டத்தை அடுத்த ஆண்டு ஈடு செய்துகொள்ளலாம். அடுத்துச் சொல்லப்போவது ஈடு செய்ய முடியாத நஷ்டத்தைப் பற்றியது.

யந்திரம் விற்க வருபவர்கள் சிலர், ‘இது தானே பூட்டிக்கொள்ளும் பெட்டி, மின்சாரம் நின்றாலும் பாரம் இறங்காது, தனியாகப் பிரேக் எதற்கு?’ என்று சொல்வதுண்டு. விலைப்புள்ளியில் சில ஆயிரம் ரூபாய் குறைவதைக் கண்டு குழுவினரும் இசைந்துவிடுவதுண்டு. இச்சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யை எவரும் எளிதில் கண்டுகொள்வார்கள். பாதி உண்மையே ஆபத்தானது.

திருகின் புரி மிகத் தட்டையாக, ஐந்து பாகைக்கும் குறைந்த சாய்வில் இருந்தால், நின்றுகொண்டிருக்கும் பெட்டியில் உராய்வு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாரம் சக்கரத்தை இழுத்தாலும் திருகு சுழலாது. ஆனால் இது பல்லும் புரியும் அசையாமல் நிற்கும் வரையில்தான். பக்கத்தில் ஒரு லாரி புறப்படுகிறது; அருகில் அரைவை யந்திரம் ஓடுகிறது; தரை அதிர்கிறது. அந்த அதிர்வில் பல்லுக்கும் புரிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத அசைவு உண்டாகிறது. அசைந்தவுடன் எண்ணெய்ப் படலம் உட்புகுகிறது. நின்ற நிலையில் இருந்த உராய்வு ஓடும் நிலையில் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. பிடி தளர்ந்து பாரம் மெல்ல இறங்கத் தொடங்கும். இறங்கத் தொடங்கியது மேலும் மேலும் விரையும். புதிய பெட்டியில் பிடித்து நின்ற பாரம், பற்கள் ஓடி ஓடி மெருகேறிய பிறகு அதே பெட்டியில் நில்லாமற் போகலாம். வழுவழுப்பு மிகுந்த செயற்கை எண்ணெயை மாற்றி ஊற்றினாலும் அதே விளைவு நேரலாம். நேற்று வரை பிடித்தது என்பது இன்று பிடிக்கும் என்பதற்குச் சாட்சியாகாது.

கணக்கறிந்தவர்களுக்கு இன்னொரு சான்றும் உண்டு. எந்நிலையிலும், ஓடிக்கொண்டிருக்கும்போதும்கூட, உறுதியாகப் பூட்டிக்கொள்ளும் திருகு, பாரத்தை மேலே தூக்கும்போது பெற்ற ஆற்றலில் பாதிக்கு மேல் வீணாக்கியே தீரும்; இது உராய்வின் விதி. ஆகவே ‘நூற்றுக்கு எண்பது பங்கு திறன், அத்துடன் தானே பூட்டிக்கொள்ளும்’ என்று ஒரே துண்டுப் பிரசுரத்தில் ஒருவர் அச்சிட்டிருந்தால், இரண்டில் ஒன்று பொய் என்று அங்கத்தினர்கள் தயங்காமல் முடிவு செய்யலாம்.

தறியில் பாவு சற்றே தளர்ந்தால் துணியில் ஒரு குறை விழும், அவ்வளவுதான். பாரந்தூக்கியின் கீழே நிற்பது துணி அன்று. 170 கிலோ பொதியின் கீழே மூட்டைக் கொக்கியுடன் நிற்பவர் நமது ஊர்க்காரர். பல வேளைகளில் நமது அங்கத்தினரின் மகன். ஆகையால், பாரத்தைத் தாங்கும் யந்திரம் ஒவ்வொன்றிலும், மின்சாரம் நின்றவுடன் தானாகவே இறுகிக்கொள்ளும் பிரேக் தனியாக இருந்தாக வேண்டும். திருகுப் பெட்டியின் பிடிப்பைக் கூடுதல் துணையாக எண்ணலாம், காவலாக எண்ணலாகாது.

சாய்ந்த கன்வேயருக்கும் வாளி எலிவேட்டருக்கும் இது பொருந்தும். சுமை நிறைந்திருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் பட்டை பின்னோக்கி ஓடி மூட்டைகளைக் கீழே நிற்பவர்மேல் கொட்டிவிடும். அதைத் தடுக்கப் பின்னோட்டத் தடை என்ற சிறு உறுப்பு உண்டு. ஒரு திசையில் மட்டுமே சுழலவிட்டு மறு திசையில் பிடித்துக்கொள்ளும். ஹெலிகல் பெட்டி எளிதில் பின்னோக்கிச் சுழலக்கூடியது. ஆதலால் சாய்ந்த கன்வேயருக்கு அதை வாங்கும்போது இந்த உறுப்பைச் சேர்த்தே வாங்கவேண்டும். இதற்கு நேர்மாறான இடர்ப்பாடும் ஒன்றுண்டு. கனமான சுழலும் உருளைகள் உள்ள யந்திரத்தில், மின்சாரம் நின்றவுடன் திருகுப் பெட்டி சட்டென்று பூட்டிக்கொண்டால், உருளையின் வேகம் முழுவதும் வெண்கலப் பற்களின் மேல் வந்து மோதும். பல் முறியக் காரணம் தெரியாமல் திகைக்கும் இடங்களில் இதையும் ஆராயவேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 29-ஆம் பிரிவில், பாரந்தூக்கும் யந்திரங்களைத் தகுதி பெற்ற ஒருவர் பன்னிரண்டு மாதத்திற்கு ஒரு முறையேனும் முழுமையாகச் சோதிக்கவேண்டும் என்றும், தாங்கக்கூடிய எடையை யந்திரத்தின்மேல் தெளிவாகக் குறிக்கவேண்டும் என்றும் வகுத்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களை ஒன்றாகத் தொகுக்கும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றியது. சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறலாம். பாரத்தின் கீழே மனிதன் நிற்கிறான் என்ற உண்மை மாறுவதில்லை. சட்டம் தன்னைத் தொழிற்சாலை என்று கருதாத சிறு கிடங்கை நடத்தும் சங்கமும் இந்நெறியைத் தானாகவே மேற்கொள்ளவேண்டும்.

எண்ணெயும் பஞ்சுத் தூசியும்

சரியான பெட்டியை வாங்கியபின் அதைக் காப்பதும் ஒரு கடமை. திருகு கடினமான எஃகு. சக்கரம் பாஸ்பர் வெண்கலம். இரண்டும் எஃகாக இருந்தால் வழுக்கும்போது ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்றை மென்மையான வெண்கலமாக வைத்திருக்கிறார்கள். தேய்வது எப்பொழுதும் சக்கரமே. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகமாதலால் அதுவே பெட்டியில் விலை மிகுந்த உறுப்பும் ஆகும். அதைக் காப்பது எண்ணெய்.

இப்பெட்டிகளுக்குக் கெட்டியான எண்ணெய் வேண்டும். செய்தவர் தகட்டில் பொறித்த அளவே பிரமாணம். பெரும்பாலும் 460 அல்லது 680 என்ற கெட்டி எண்ணாக இருக்கும். லாரிக்கு வாங்கிய கியர் எண்ணெயில் மிச்சம் இருக்கிறதென்று அதை இதில் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவ்வெண்ணெய்களில் சிலவற்றில் கந்தகச் சேர்க்கை உண்டு. எஃகுக்கு நன்மை செய்யும் அச்சேர்க்கை சூட்டில் வெண்கலத்தை அரித்துவிடும். செயற்கை எண்ணெயில் ஒரு வகை சாதாரண எண்ணெயுடன் கலவாது. கலந்து ஊற்றினால் இரண்டும் கெடும். புதுப் பெட்டி முதல் சில நூறு மணி ஓடியதும் எண்ணெயை வடித்து மாற்றவேண்டும். அப்போது எண்ணெயில் மின்னும் பொன்னிறத் தூளைக் கண்டு அஞ்சவேண்டாம். பற்கள் ஒன்றுக்கொன்று இசைந்து கொள்ளும் காலத்தில் அது இயல்பு. அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் அத்தூள் மிகுந்து காணப்பட்டால் அஞ்சத்தான் வேண்டும்.

நமது கிடங்குகளுக்கும் அரைவை ஆலைகளுக்கும் உரிய தனிப் பகை பஞ்சுத் தூசி. பெட்டியின் உச்சியில் மூச்சுத் துளை மூடி என்று ஒன்று இருக்கும். சூட்டில் உள்ளே விரியும் காற்று அதன் வழியே வெளியேற வேண்டும். பஞ்சுத் தூசி அதை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, எண்ணெய் தண்டின் ஓரத்துச் சீலைத் தள்ளிக்கொண்டு ஒழுகும். சீல் கெட்டதென்று புதிது புதிதாக மாற்றுவார்கள். துளையைத் துடைப்பவர் இரார். லாரியில் வரும்போது எண்ணெய் சிந்தாமலிருக்கச் செருகிய அடைப்பையே கழற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதும் உண்டு. இத்துடன், பெட்டியின்மேல் பஞ்சும் உமியும் போர்வைபோல் படிந்தால் சூடு வெளியேற வழியில்லை. எண்ணெயின் சூடு 90 பாகை செல்சியஸைத் தாண்டி நிலைத்தால் அது விரைவில் கெடும். ஏறக்குறையப் பத்துப் பாகை ஏறுந்தோறும் அதன் ஆயுள் பாதியாகும். எண்ணெய்க் கசிவும் பஞ்சும் சூடும் ஓரிடத்தில் கூடினால் என்ன நேரும் என்பதைப் பஞ்சு வியாபாரம் அறிந்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

வாரத்திற்கு ஒரு முறை ஒரு துணியும் பத்து நிமிஷமும் போதும். ஆனால் அதைச் செய்வது இன்னார் என்று பெயர் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். எல்லாருடைய வேலையும் எவருடைய வேலையுமாகாது.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

‘குறைந்த விலைப்புள்ளியை ஏற்காவிட்டால் தணிக்கையில் ஆட்சேபம் வருமே’ என்று காரியதரிசிகள் கேட்கக்கூடும். இது நியாயமான அச்சம். ஆயினும் குறைந்த விலை என்பது ஒரே தரமுள்ள பொருள்களுக்கிடையே ஒப்பிடும்போதுதான் பொருள் உடையதாகும். தேவையை முன்கூட்டியே தெளிவாக எழுதி, அத்தேவையை நிறைவேற்றும் புள்ளிகளுள் குறைந்ததை ஏற்றால் எந்தத் தணிக்கையாளரும் குறை கூறமாட்டார். தேவையை எழுதாமல் விலையை மட்டும் கேட்டுவிட்டு, பிறகு மிகுந்த விலைக்கு வாங்கினால்தான் ஆட்சேபம் எழும். மூன்று ஆண்டு மின்சாரச் செலவையும் விலையோடு கூட்டி ஒப்பிடுவது என்று மகாசபையிலேயே தீர்மானம் செய்துகொண்டால், குழுவினருக்கு அது அரணாகவும் அமையும்.

‘சிறிய சங்கம், எங்களிடம் இஞ்ஜினியர் இல்லையே’ என்பது அடுத்த ஆட்சேபம். ஐந்து சங்கங்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்; பக்கத்துத் தொழிற்கல்வி நிலையத்தின் ஆசிரியரைக் கேட்கலாம். பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி 1974-இலேயே ஐ.எஸ். 7403 என்ற இந்தியத் தர நெறிமுறை வந்திருக்கிறது. அதன்படி தேர்ந்தெடுத்த கணக்கைக் காட்டுமாறு விற்பவரையே கேட்கலாம். தமிழ்நாட்டில் இத்தொழிலறிவுக்குக் குறைவில்லை. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைத் தொழிலும், 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய முயற்சியும் கோவையைப் பட்டறைகளின் ஊராக்கின. பல்சக்கரப் பெட்டி செய்வோரும் பழுது பார்ப்போரும் இன்று அங்கே பலர் இருக்கின்றனர். கேட்டால் சொல்வார் உண்டு. கேட்பதற்கு நமக்கு மனம் வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. ‘யந்திரம் வந்தால் சுமை தூக்கும் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது?’ என்பது. இதை வெறும் பிற்போக்கென்று தள்ளிவிடுவது கூட்டுறவுக்கு அழகன்று. நாற்பது வயதிலேயே முதுகு வளைந்து போகும் வேலையைக் காப்பாற்றித் தருவது அவருக்குச் செய்யும் உபகாரமாகாது. அதே வேளையில், மாற்று வழி காட்டாமல் அவரை வெளியே அனுப்புவதும் நமது கொள்கைக்கு ஒவ்வாது. யந்திரத்தை ஓட்டவும் துடைக்கவும் எண்ணெய் பார்க்கவும் ஆள் வேண்டும். அவ்வேலைக்கு வெளியாரைத் தேடாமல், பல ஆண்டுகளாக மூட்டையின் தன்மையை அறிந்த அத்தொழிலாளர்களையே பயிற்றுவிக்கவேண்டும். பெட்டியின் ஓசை மாறுவதை முதலில் கேட்பவர்களும், பாரம் நழுவினால் முதலில் அடிபடுபவர்களும் அவர்களே. யந்திரம் வாங்குமுன் அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்பது தயவன்று, முறை.

நாம் கேட்க வேண்டியவை

யந்திரம் வாங்கும் சங்கம் ஒவ்வொன்றும் விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் கீழ்க்கண்டவற்றை எழுத வேண்டுமென்று வேண்டுகிறோம்.

1. யந்திரம் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடும், எவ்வளவு சுமை இழுக்கும், ஒரு மணியில் எத்தனை முறை நின்று புறப்படும் என்பவற்றைச் சங்கம் முதலில் எழுதவேண்டும். இதை நாம் எழுதாவிட்டால் விற்பவர் தமக்கு வசதியானதை எழுதிக்கொள்வார்.

2. பெட்டியின் வகை, வேகக் குறைப்பு அளவு, அந்த அளவில் அதன் திறன் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பவற்றை விற்பவர் எழுத்தில் தரவேண்டும்.

3. பாரந்தூக்கியாயின், மின்சாரம் நின்றவுடன் தானாக இறுகும் பிரேக்கும், சாய்ந்த கன்வேயராயின் பின்னோட்டத் தடையும் இருந்தே தீரவேண்டும். இவை இல்லாத புள்ளி, எவ்வளவு குறைந்ததாயினும், தள்ளப்படும்.

4. எண்ணெயின் பெயரும் கெட்டி எண்ணும், மாற்றவேண்டிய காலமும் தமிழில் எழுதிய பலகையாக யந்திரத்தின் அருகே பொருத்தப்படவேண்டும்.

5. வெண்கலச் சக்கரமும் சீல்களும் எங்கே, எத்தனை நாளில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்று சொல்லவேண்டும். பருத்தி வரத்து மிகுந்த மாதத்தில் ஒரு சக்கரத்திற்காக மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தால் இழப்பு சக்கரத்தின் விலையோடு நிற்காது.

6. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் சோதனையின் அறிக்கை, வரவு செலவுக் கணக்குடன் மகாசபையில் படிக்கப்படவேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

தனி முதலாளி ஒருவர் தமது பணத்தில் மலிவான பெட்டியை வாங்கி நஷ்டப்பட்டால் அது அவரோடு போயிற்று. நமது நிலைமை அதுவன்று. நாம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் எங்கோ ஒரு தறியிலோ வயலிலோ உழைத்த ஒருவருடையது. நாம் நிறுத்திவைக்கும் பாரத்தின் கீழே நடப்பவரும் நம்மவர். அடுத்த மகாசபைக்குச் செல்லும் அங்கத்தினர்கள் தயங்காமல் எழுந்து இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: ‘நமது யந்திரம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? பாரத்தைத் தாங்குவது பிரேக்கா, பெட்டியா?’ இக்கேள்விகளுக்கு உடனே விடை சொல்லக்கூடிய சங்கம் தன் அங்கத்தினரின் பணத்தையும் தொழிலாளரின் உயிரையும் காக்கும் சங்கமாகும். விடை சொல்ல இயலாத சங்கம், அன்று மாலையே கிடங்குக்குச் சென்று பார்த்து வருவது நலம்.